கிழவருக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை? 1 இராஜாக்கள் 13-ஐ வேதபாடத்தில் நடத்தும் விதம்

கீழ்ப்படியாமை பற்றி வேதபாடம் எடுக்கச் சொன்னால் நான் கீழ்ப்படியாத ராஜா சவுலின் கதையைத் தொடமாட்டேன். எல்லோரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். 1 இராஜாக்கள் 13-ஐ எடுங்கள், சண்டை வரும்.

34 வசனங்களையும் ஒருவர் நிறுத்தாமல் சத்தமாக வாசிக்கட்டும். பின்னணிக்கு இரண்டு வரி போதும்: இஸ்ரவேல் ராஜ்யம் இரண்டாக உடைந்த பிறகு, ஜனங்கள் எருசலேமுக்குப் போனால் தன்னை விட்டுவிடுவார்கள் என்று பயந்த வடக்கு ராஜா யெரொபெயாம், பெத்தேலிலும் தாணிலும் பொன் கன்றுக்குட்டிகளை வைத்தான். அந்தப் பெத்தேல் பலிபீடத்தைக் கண்டிக்கத்தான் யூதாவிலிருந்து தேவனுடைய மனுஷன் வருகிறார்.

அப்புறம் ஆளுக்கொரு பென்சில். 'அங்கே சாப்பிடாதே, குடிக்காதே, போன வழியாய்த் திரும்பாதே' என்ற கட்டளை வருகிற இடமெல்லாம் கோடு போடச் சொல்லுங்கள். தேவனுடைய மனுஷன் ராஜாவிடம் ஒருமுறை அதைச் சொல்கிறார். வீட்டில் பாதியைக் கொடுத்தாலும் வரமாட்டேன் என்கிறார். மரத்தடியில் தன்னைத் தேடிவந்த கிழட்டுத் தீர்க்கதரிசியிடமும் சொல்கிறார். அந்தக் கிழவரோ, தேவதூதன் சொன்னான் என்று பொய் சொல்லி அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைக்கிறார். மூன்றாம் முறை அது அந்தக் கிழவரின் வாயிலிருந்தே வருகிறது, சாப்பாட்டுப் பந்தியில், தீர்ப்பாக. இங்கே அவசரப்படாதீர்கள். கூட்டம் தானாகவே அமைதியாகும்.

திரும்பும் வழியில் தேவனுடைய மனுஷனைக் கொன்ற சிங்கத்தைப் பற்றி 28ஆம் வசனத்தை மறுபடி வாசியுங்கள். பிணத்தைத் தின்னவில்லை, கழுதையையும் தொடவில்லை, பக்கத்திலேயே நிற்கிறது. பசித்த சிங்கம் செய்கிற வேலையா இது? (ஞாயிறு பள்ளிக் குழந்தைகளுக்கு இந்தக் கதை வேண்டாம் என்பது என் கட்சி.)

இப்போது யாராவது கேட்பார்கள்: பொய் சொன்ன கிழவருக்கு ஏன் தண்டனை இல்லை? அவர் பொய் சொன்னார் என்று 18ஆம் வசனம் பச்சையாகவே சொல்கிறது. அவரைக் காப்பாற்றப் பாடுபடாதீர்கள். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் அவரைக் கள்ளத் தீர்க்கதரிசி என்றே முடித்துவிட்டார். ஆனால் 20ஆம் வசனத்தில் கர்த்தருடைய வார்த்தை அவருக்குத்தானே உண்டாகிறது? அந்த முடிச்சு அப்படியே இருக்கட்டும். நான் 33ஆம் வசனத்துக்குத் திருப்பிவிடுவேன்: இத்தனைக்குப் பிறகும் யெரொபெயாம் தன் வழியை விடவில்லை. நேரடியாகக் கட்டளை பெற்றவரே ஒரு வேளைச் சாப்பாட்டில் விழுந்தால், கன்றுக்குட்டி வைத்த ராஜாவின் கதி என்ன? அதிகாரம் குறிவைப்பது அவனைத்தான் என்பது என் வாசிப்பு.

2 இராஜாக்கள் 23-இல் முன்கூட்டியே ஒரு துண்டுச்சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 300 ஆண்டுகள் கழித்து யூதாவின் ராஜா யோசியா அதே பெத்தேலில் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளைப் பலிபீடத்தில் எரிக்கிறான். தேவனுடைய மனுஷனின் கல்லறையை மட்டும் விட்டுவிடச் சொல்கிறான். தான் ஏமாற்றியவரின் பக்கத்திலேயே தன்னைப் புதைக்கச் சொல்லியிருந்ததால் கிழவரின் எலும்பும் தப்பியது. இதற்குப் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள். டீ வந்துவிட்டால் அப்புறம் யாரும் உட்காரமாட்டார்கள்.