பழைய பைக்குக்கு பிரேக் பேட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பைக்கில் பிரேக் மந்தமாகிவிட்டால் பலருக்கும் முதலில் தோன்றுவது, "இருப்பதிலேயே ஸ்ட்ராங்கான பேடாகப் பார்த்துப் போட்டுவிடலாம்" என்பதுதான். எனக்குத் தெரிந்து பழைய வண்டிகளின் டிஸ்க் வீணாவது பெரும்பாலும் இந்த எண்ணத்தால்தான். வண்டியை நிறுத்துவது பேட் மட்டும் அல்ல, பேடும் டிஸ்கும் சேர்ந்துதான் நிறுத்துகின்றன. புது பேட் எங்கும் கிடைக்கும். பழைய வண்டிக்கான டிஸ்க் அப்படிக் கிடைக்காது. அதனால் டிஸ்கைப் பார்த்துவிட்டுத்தான் பேடைத் தேட வேண்டும்.

பேடில் பொதுவாக மூன்று வகை உண்டு. ஆர்கானிக் பேட், நார்களையும் மற்ற பொருட்களையும் ரெசினில் சேர்த்துக் கெட்டியாக்கியது. மென்மையானது, சத்தம் குறைவு, சீக்கிரம் தேயும். சின்டர்டு பேட், செம்பு போன்ற உலோகத் தூளை அழுத்தமும் சூடும் கொடுத்து இறுக்கியது. மழையிலும் கடும் சூட்டிலும் பிடி விடாது, நாள்பட உழைக்கும். ஆனால் மென்மையான டிஸ்கை அரித்துவிடும், சூட்டையும் காலிப்பருக்குள் (பிஸ்டனால் பேடை டிஸ்கில் அழுத்தும் பாகம்) வேகமாகக் கடத்தும். செமி மெட்டாலிக் இந்த இரண்டுக்கும் நடுவில் வரும்.

1970-களின் ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் வார்ப்பிரும்பு டிஸ்க்தான் இருக்கும். மழையில் நனைந்து ஒரு ராத்திரி நின்றால் பேட் உரசும் இடத்தில் செம்பழுப்பாகத் துரு படிந்திருக்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். காந்தம் வைத்துப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. டிஸ்குக்குப் பயன்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் காந்தம் ஒட்டும். வார்ப்பிரும்பு என்று தெரிந்துவிட்டால் ஆர்கானிக் போதும். வார்ப்பிரும்புக்கு இயல்பிலேயே நல்ல பிடி உண்டு.

1969-இல் ஹோண்டா சிபி750 முன் சக்கரத்தில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குடன் வந்தது. அதற்குப் பின் வந்த ஜப்பானிய வண்டிகளில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிஸ்க் பரவலாகிவிட்டது. துருப்பிடிக்காது, ஆனால் அந்தக் கால பேடோடு சேர்ந்து மழையில் லீவரை அழுத்தினால் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது, திடீரென்று பிடிக்கும். இந்த வண்டிகளுக்கு ஈரத்தில் பிடிக்கிற பேட் தேடுவது நியாயம்தான். அப்போதும் உங்கள் டிஸ்கோடு சின்டர்டு சேருமா என்று பேட் தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்த பிறகே வாங்குங்கள்.

பேடில் எச்எச் (HH) என்று போட்டிருந்தால் உயர்ந்த ரகம் என்று வாங்குவது அடுத்த தவறு. அந்த இரண்டு எழுத்தும் உராய்வு அளவை மட்டுமே குறிக்கும், முதல் எழுத்து சாதாரண வெப்பநிலைக்கு, இரண்டாவது எழுத்து கடும் சூட்டுக்கு. எஃப் என்றால் உராய்வுக் குணகம் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை, எச் என்றால் அதற்கும் மேல். பேட் எதனால் செய்தது, எவ்வளவு நாள் உழைக்கும், டிஸ்கை எவ்வளவு தேய்க்கும் என்பதெல்லாம் அதில் இல்லை.

டிஸ்கை அளக்காமல் பேட் மாற்றுகிறவர்கள் நிறைய. பல டிஸ்க்குகளின் நடுப்பகுதியில் குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. தேய்ந்த டிஸ்கின் வெளி விளிம்பில் பேட் படாததால் அங்கே ஒரு மேடு நிற்கும். வெர்னியர் காலிப்பர் என்ற அளவுகோலை வெளியிலிருந்து நுழைத்தால் அதன் தாடை அந்த மேட்டில்தான் உட்காரும், டிஸ்க் இன்னும் தடிமனாக இருப்பதாகக் காட்டும். மைக்ரோமீட்டரை மேடு தாண்டி உள்ளே கொண்டுபோய், சுற்றிலும் நாலைந்து இடத்தில் அளந்தால்தான் உண்மை தெரியும். அளவுக்குக் கீழே போயிருந்தால் எந்தப் பேட் போட்டும் பயன் இல்லை.

மாடலையும் வருடத்தையும் மட்டும் சொல்லி ஆர்டர் போடாதீர்கள். பல கை மாறிய வண்டியில் முன் ஃபோர்க்கும் காலிப்பரும் வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம். பழைய பேடைக் கழற்றி, அதன் முதுகுப்புறத் தகட்டின் நீளம், உயரம், பேடைத் தாங்கும் பின் (pin) நுழையும் துளையின் இடம் எல்லாவற்றையும் புதியதோடு ஒப்பிடுங்கள். கழற்றும்போதே இரண்டு பேடும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று தகடு வரை தேய்ந்து மற்றொன்று பாதியில் நின்றால் பிஸ்டனோ, காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னோ (slide pin) இறுகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது பேட் போட்டால் அதுவும் அப்படித்தான் தேயும். லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகிறதா? அது பேடின் குற்றமே இல்லை. பழைய ரப்பர் ஹோஸ், பிரேக் ஆயில், உள்ளே புகுந்த காற்று இவற்றைப் பாருங்கள்.

பல வருடம் பெட்டியிலேயே கிடந்த ஒரிஜினல் பேட் கிடைத்தால் ஆசையாகத்தான் இருக்கும். வேண்டாம் என்றே சொல்வேன். தகட்டுக்கும் உராய்வுப் பொருளுக்கும் நடுவே துரு ஏறினால் பேட் பெயர்ந்து வரும். தவிர, 1970-80களின் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. பழைய வண்டியின் பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது, பிரேக் கிளீனர் அடித்து ஈரமாக்கித் துடையுங்கள். அப்புறம், ஃபோர்க் ஆயிலோ பிரேக் ஆயிலோ ஊறிய பேடைக் கழுவித் திரும்பப் போடாதீர்கள். ஊறியது ஊறியதுதான்.

மாட்டும்போது, அழுக்கோடு இருக்கும் பிஸ்டனை அப்படியே உள்ளே தள்ளினால் சீல் கிழியலாம், முதலில் துடைத்துவிடுங்கள். தள்ளும்போது மாஸ்டர் சிலிண்டரில் (லீவர் பக்கம் பிரேக் ஆயில் இருக்கும் பாகம்) ஆயில் மேலே ஏறும். வழிந்து டேங்க்கில் பட்டால் பெயிண்ட் போய்விடும். மாட்டிய கையோடு லீவர் கெட்டியாகும் வரை பலமுறை அழுத்துங்கள். இதை மறந்து வண்டியை எடுத்தால் முதல் பிரேக்கில் லீவர் ஹேண்டில் பார் வரை போய்விடும்.

புது பேட் டிஸ்கோடு நன்றாகப் பொருந்த, முதலில் ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து மெல்லப் பிடித்து, முழுதாக நிற்காமல் விட்டு, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி பிடியுங்கள். சூடான பேடை நின்ற வண்டியில் அழுத்திப் பிடித்தபடி வைத்திருந்தால் டிஸ்கின் அந்த இடத்தில் பேட் பொருள் படிந்து பிறகு லீவர் அதிரும். சில நாள் ஓட்டிய பின் பேடை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். முழுப் பரப்பிலும் ஒரே மாதிரி உரசிய தடம் இருந்தால் சரி. ஓரத்தில் மட்டும் பளபளத்தால் டிஸ்க் சீராகத் தேயாமல் இருக்கலாம், இல்லையென்றால் காலிப்பர் நேராக உட்காரவில்லை.