டர்பனில் போஸ்ட்டாக் தேடுகிறவர்களுக்கு

"அக்கா, தென்னாப்பிரிக்காவில் பயோமெடிக்கல் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி. முடித்த பிறகு செய்யும் ஆராய்ச்சிப் பணி, எப்படிக் கிடைக்கும்?" என்று ஊரிலிருந்து தம்பிகளும் தங்கைகளும் கேட்டு எழுதுகிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் டர்பனில், குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறேன். நான் சொல்வதில் டர்பன் வாடை தூக்கலாகத்தான் இருக்கும். கேப் டவுன், ஜோகன்னஸ்பர்க் போக நினைப்பவர்கள் அதற்கேற்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எதற்காக இங்கே வர வேண்டும்? சம்பளத்துக்காக என்றால் வேண்டாம், ஐரோப்பாவுக்கே முயற்சி செய்யுங்கள். எச்.ஐ.வி., காசநோய் இரண்டிலும் வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஊரைப் போல ஒரு இடம் அமைவது கடினம். உம்பிலோ ரோட்டில் மருத்துவக் கல்லூரி, பக்கத்திலேயே எட்டாம் எட்வர்ட் மருத்துவமனை. முக்கியமான மருந்துகள் பலவற்றுக்கும் மசியாத காசநோய் துகேலா ஃபெரி என்ற கிராமப்புறத்தில் 53 பேரிடம் கண்டுபிடிக்கப்பட்டு, அதில் 52 பேர் இறந்த செய்தி 2006-இல் உலகத்தையே உலுக்கியது. அது இதே மாகாணம்தான். 2002-இல் தொடங்கிய காப்ரிசா என்ற எய்ட்ஸ் ஆராய்ச்சி மையம் இந்த வளாகத்தில்தான் இருக்கிறது. டெனோஃபோவிர் என்ற மருந்து கலந்த ஜெல் பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றை 39 சதவீதம் குறைக்கிறது என்று 2010-இல் காட்டியவர்கள் அவர்கள்தான். 2020 டிசம்பரில் கொரோனாவின் பீட்டா வகையை அறிவித்த கிரிஸ்ப் என்ற மரபணு ஆய்வகமும் இங்கேதான். 2016-இல் இரண்டு நிறுவனங்கள் இணைந்து உருவான ஆப்பிரிக்கா ஹெல்த் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டும், அதாவது ஏ.எச்.ஆர்.ஐ.யும், இதே வளாகத்தில்தான். மரபணுவியல் பக்கம் ஆர்வம் உள்ளவர்கள் ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் சிட்னி பிரென்னர் நிறுவனத்தைப் பாருங்கள். காசநோய் என்றால் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் டைகர்பெர்க் வளாகத்தையும் கேப் டவுன் பல்கலைக்கழகத்தையும் விட்டுவிடாதீர்கள்.

இங்கே போஸ்ட்டாக் என்பவர் பொதுவாகப் பல்கலைக்கழகத்தின் ஊழியர் கிடையாது. 'ஃபெல்லோ' என்று பதிவு செய்து மாதாமாதம் உதவித்தொகை தருவார்கள். அது கல்வி உதவித்தொகைக் கணக்கில் வருவதால் பெரும்பாலும் வருமான வரி பிடிக்க மாட்டார்கள். அதே காரணத்தால் பி.எஃப். இல்லை, மருத்துவக் காப்பீட்டையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் தொகையைப் பார்த்ததும் ரூபாயில் பெருக்கிப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், வாடகையையும் காப்பீட்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதைப் பாருங்கள். பிஎச்.டி. முடித்து ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. அப்புறம், ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான். வேலை நடந்தால் நீட்டிப்பார்கள்.

நீட்டிப்பதும் நீட்டிக்காததும் பேப்பரைப் பொறுத்தது. அங்கீகரிக்கப்பட்ட இதழ்களில் வெளிவரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் உயர்கல்வித் துறை பல்கலைக்கழகத்துக்கு மானியம் தருகிறது. போஸ்ட்டாக்குகளை வரவேற்க இதுவும் ஒரு காரணம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். வருடத்துக்கு இத்தனை கட்டுரை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். கட்டுரையில் பல்கலைக்கழகத்தின் பெயர் உங்கள் பெயருக்குக் கீழே சரியாக இருக்க வேண்டும். இதழும் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். ஊரில் காசு கட்டிப் போடும் இதழ்களில் வந்ததையெல்லாம் சி.வி.யில் அடுக்காதீர்கள். இங்கே அதைப் பார்த்ததுமே கோப்பை மூடிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு வருட ஒப்பந்தத்தில் காலத்தைத் தின்பது ஆராய்ச்சி கிடையாது, அனுமதிதான். மனித ரத்தம், சளி என்று எதைத் தொட வேண்டுமானாலும் எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் வேண்டும். புதிதாக நோயாளிகளைச் சேர்க்கும் திட்டம் என்றால் மருத்துவமனை அனுமதி, மாகாணச் சுகாதாரத் துறை அனுமதி, அப்புறம் ஆள் சேர்க்கும் நர்ஸ் என்று மாதங்கள் ஓடிவிடும். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால் ஏற்றுமதி அனுமதி, மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தம் என்று இன்னொரு சுற்று. ஆகவே ஒரு ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ப்ராஃபின் புகழைவிட நான் முதலில் பார்க்கச் சொல்வது அவருடைய ஃப்ரீசரைத்தான். மைனஸ் 80 டிகிரியில் என்ன மாதிரிகள் ஏற்கெனவே இருக்கின்றன? நீங்கள் செய்ய நினைக்கும் சோதனை அவற்றின் எத்திக்ஸ் ஒப்புதலுக்குள் வருகிறதா, அல்லது திருத்தம் கேட்க வேண்டுமா? இதற்கு நேரடியான பதில் கிடைக்கும் இடத்துக்குப் போங்கள். "அதெல்லாம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் வேறு இடம் பாருங்கள்.

இதைக் கண்டுபிடிக்க அவருடைய கடைசி நாலைந்து பேப்பர்களில் 'மெத்தட்ஸ்' பகுதியைப் படித்தால் போதும். உதாரணத்துக்கு, டர்பனை ஒட்டிய உம்லாசியில் ஃப்ரெஷ் என்றொரு ஆய்வு இருக்கிறது. 18 முதல் 23 வயதுப் பெண்களுக்கு வாரம் இரண்டு முறை எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்கள். அதனால் தொற்று வந்த முதல் சில நாட்களிலேயே எடுத்த ரத்தம் கிடைக்கிறது. உலகத்தில் பல ஆய்வகங்கள் ஏங்கும் மாதிரி அது. அதை வைத்து வேலை செய்யும் குழுவுக்கு எழுதுகிறீர்கள் என்றால், உங்கள் மின்னஞ்சல் இரண்டாவது வரியிலிருந்து இப்படிப் போகலாம் (என்.கே. என்பவை ஒருவகை நோயெதிர்ப்பு செல்கள், ஃப்ளோ சைட்டோமெட்ரி என்பது செல்களை வகை பிரித்து எண்ணும் முறை): "சென்னையில் காசநோயாளிகளின் என்.கே. செல்களை அளக்க 14 நிறங்கள் கொண்ட ஃப்ளோ சைட்டோமெட்ரி பேனல் ஒன்றை நானே உருவாக்கி நடத்தினேன். உங்கள் மாதிரிகளில் தொற்றின் முதல் வாரத்தில் இந்த செல்கள் எப்படி மாறுகின்றன என்று அதே பேனலால் பார்க்க முடியும் என்று நினைக்கிறேன். சேமித்த மாதிரிகள் அதற்குப் போதுமா?" மூன்றே வரியில் உங்கள் கைவேலையும் நீங்கள் அவர் பேப்பரைப் படித்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். கடைசியில் இருப்பது கேள்வி, அதற்குப் பதில் எழுதத் தோன்றும்.

"ரெஸ்பெக்டட் சார், க்ரீட்டிங்ஸ் ஆஃப் த டே" என்று ஆரம்பிக்காதீர்கள். ப்ராஃப்களில் பெண்களும் உண்டு, அவர்களுக்கு 'சார்' என்று போனால் அங்கேயே கதை முடிந்தது. இங்கே எல்லோரையும் 'ப்ராஃப்' என்றுதான் அழைப்பார்கள், 'டியர் ப்ராஃப்' என்று குடும்பப் பெயரைச் சேர்த்து எழுதினால் போதும். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்புவதும் வேண்டாம். இந்த வளாகத்தில் எல்லோரும் ஒரே கேன்டீனில் காபி குடிக்கிறவர்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வெட்கப்படாமல் கேளுங்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தென்னாப்பிரிக்காவுக்கான நிதியை நிறுத்தியபோது, அந்நாட்டு அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச். தரும் பணத்தை நம்பியிருந்த ஆய்வுகள் பல பாதியில் நின்றன. நேற்றுவரை பக்கத்து பெஞ்சில் பிப்பெட் பிடித்தவர் பெட்டி கட்டியதைப் பார்த்திருக்கிறேன். பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை, ஐரோப்பிய நிதி, இந்த நாட்டின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், தேசிய ஆராய்ச்சி நிதி அமைப்பான என்.ஆர்.எஃப். என்று மூலம் எதுவாக இருந்தாலும் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கிராண்ட் எந்த மாதம் முடிகிறது, உங்கள் உதவித்தொகையும் சோதனைக்கான ரசாயனச் செலவும் ஒரே கிராண்டிலிருந்தா, அது நின்றால் துறை கைகொடுக்குமா. பேச்சில் சொல்வதை மின்னஞ்சலிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்.ஆர்.எஃப். ஃபெல்லோஷிப்புக்கு ஹோஸ்ட்டோடு, அதாவது உங்களை ஏற்கும் ப்ராஃபோடு, சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் உள் கடைசித் தேதி என்.ஆர்.எஃப். அறிவிக்கும் தேதிக்கு முன்பே வந்துவிடும், அதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

பரிந்துரைக் கடிதத்தில் நம் ஊர் கைடுகள் "ஹார்ட் வொர்க்கிங், சின்சியர், குட் கேரக்டர்" என்று மூன்று வரியோடு முடித்துவிடுகிறார்கள். இங்கே அதற்கு மதிப்பில்லை. நீங்கள் தனியாகச் செய்த சோதனை, சொல்லிக்கொடுத்த மாணவர்கள், தீர்த்துவைத்த ஒரு தொழில்நுட்பச் சிக்கல் ஆகியவற்றைக் குறிப்பாக எழுதி அவரிடம் கொடுங்கள். அவரும் சந்தோஷமாகப் பயன்படுத்திக்கொள்வார்.

நேர்காணல் ஆன்லைனில்தான். இந்திய நேரம் இங்கே இருப்பதைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, 'காலை பத்து' என்றால் யாருடைய பத்து என்று கேட்டுவிடுங்கள். முடிந்ததும் அந்த ஆய்வகத்தில் இப்போது இருக்கும் ஒரு போஸ்ட்டாக்கோடு தனியாகப் பேச அனுமதி கேளுங்கள். அவரிடம் ப்ராஃபின் குணத்தோடு, மின்சாரம் போனால் ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் உண்டா என்றும் கேளுங்கள். லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, 2023-இல் இருந்த அளவுக்கு இப்போது இல்லை, ஆனாலும் கேட்பதில் தப்பில்லை.

ஆவணங்களில் தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. பட்டச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து இன்னொரு பெயர். இங்கே 1860-லிருந்து கப்பலேறி வந்த நம்மவர்களின் வழியில் கோவெண்டர், மூட்லி, பிள்ளை என்று குடும்பப் பெயர் எல்லோருக்கும் உண்டு. கம்ப்யூட்டர் படிவமும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. பட்டத்தை மதிப்பிடும் சாக்வா அமைப்புக்கு அனுப்புவதற்கு முன்பே, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு அஃபிடவிட் எடுத்துவிடுங்கள்.

விசாவில், குடிவரவுச் சட்டம் 11(1)(பி)-இன் கீழ் ஆராய்ச்சிக்கென்று மூன்று வருடம் வரை தரும் பிரிவு ஒன்று உண்டு, போஸ்ட்டாக்குகள் பலர் அதில்தான் வருகிறார்கள். பல்கலைக்கழகத்தின் அழைப்புக் கடிதத்தில் என்ன பிரிவு எழுதியிருக்கிறதோ அதற்கே விண்ணப்பியுங்கள். சென்னையில் விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் கொடுக்கலாம். போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். போலீஸ் சான்றிதழை முதலில் தொடங்குங்கள். சுற்றுலா விசாவில் வந்து இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூட வரும் கணவனோ மனைவியோ அந்த விசாவில் வேலை பார்க்க முடியாது என்பதையும் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

தங்குவதற்கு ரிசர்வாயர் ஹில்ஸ், உம்பிலோ பக்கம் 'அவுட்பில்டிங்' கேளுங்கள். வீட்டுக்காரர் வீட்டோடு ஒட்டிய தனி அறை, சமையலறை, கேட் எல்லாம் இருக்கும். எங்கள் வீட்டு ஆன்ட்டிக்குத் தமிழ் பேச வராது. ஆனால் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதில் ஒரு குறையும் வைக்க மாட்டார். நான் 'டாக்டர்' என்று தெரிந்த நாளிலிருந்து சர்க்கரை மாத்திரைச் சீட்டை என்னிடம்தான் காட்டுகிறார். "நான் எலியைப் பார்க்கிற டாக்டர் ஆன்ட்டி" என்றால் சிரித்துவிட்டு மறுபடியும் நீட்டுகிறார். இரவில் ஆய்வகத்திலிருந்து கிளம்பினால் நடக்காதீர்கள், ஊபர் பிடியுங்கள்.

டிசம்பர் நடுவில் இறங்கும்படி டிக்கெட் போட வேண்டாம். ஜனவரி தொடக்கம் வரை பல்கலைக்கழகம் மூடிக் கிடக்கும், அடையாள அட்டைகூடக் கிடைக்காது. ஜனவரி கடைசியில் வாருங்கள். ஆன்டிபாடி, கிட் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும். உங்களுக்கு வேண்டிய பட்டியலை விசா கையில் வந்த அன்றே ஹோஸ்ட்டுக்கு அனுப்பி, ஆர்டர் போடச் சொல்லிவிடுங்கள்.