ஈஎஸ்பி32இல் இருந்து ஐசோலேற்றருக்கு: 3.3 வோல்ற் போதுமா?

உப்புவெளியில் நண்பன் ஒருவன் வீட்டுக் கிணற்று மோட்டரை ஈஎஸ்பி32 என்ற சின்னக் கொன்றோலர் போர்டை வைத்து ஓடப் பண்ணிக் கொடுத்தேன். திருகோணமலை ரவுணில் என் மேசையில் ஒழுங்காக ஓடிய சாமான், அங்கே கொண்டுபோய்ப் பூட்டினால் ஒருநேரம் சொல் கேட்கும், ஒருநேரம் கேட்காது. இரண்டு நாள் புரோகிராமைக் குடைந்தேன். பிழை அங்கே இல்லை, ஈஎஸ்பி32க்கும் மோட்டரை ஓன், ஓஃப் பண்ணும் ரிலே மொடியூலுக்கும் நடுவில் இருந்த டிஜிற்றல் ஐசோலேற்றரின் (இரண்டு பக்கத்தையும் மின்சாரத்தால் தொடுக்காமல் சிக்னலை மட்டும் கடத்தும் சிப்) ஈஎஸ்பி32 பக்கத்துக்கு நான் 5 வோல்ற் கொடுத்திருந்தேன்.

முதலில் ஐசோலேற்றரின் டேட்டாஷீட்டில் (சிப் செய்தவர் தரும் விவரத்தாள்) ‘விஐஎச்’ (VIH) என்ற வரியைத் தேடுங்கள். உள்ளே வருவது ‘1’ என்று நிச்சயமாக எடுபட, குறைந்தது எத்தனை வோல்ற் வேண்டும் என்பது அதுதான். ஏடியூஎம்1201, ஐஎஸ்ஓ7741 போன்ற ஐசோலேற்றர்களில் அது அந்தப் பக்கத்துச் சப்ளையின் 0.7 மடங்கு. 5 கொடுத்தால் 3.5 வேண்டும், ஈஎஸ்பி32 தருவதோ மிஞ்சிப்போனால் 3.3. சப்ளையின் 0.3 மடங்குக்குக் கீழே போனால்தான் ‘0’. இடையில் நின்றால் எப்படியும் எடுபடலாம், அதுதான் எனக்கு நடந்தது.

சரி, மாற்றுவோம். ஈஎஸ்பி32 இருக்கும் முதல் பக்கத்துக்கு அதன் 3.3ஐயே கொடுங்கள், இப்போது 2.31 போதும். ரிலே மொடியூல் பக்கத்துக்குத் தனி 5 வோல்ற். இரண்டு பக்கமும் வேறு வேறு சப்ளையில் ஓடுவதால் 3.3 உள்ளே போய் 5 ஆக வெளியே வரும், வோல்ற்றை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் தனியாக வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். சிப்பின் ஒவ்வொரு சப்ளை பின்னுக்கும் (காலுக்கும்) கிட்ட 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிற்றர் ஒன்று. இரண்டு கிரவுண்டையும் மட்டும் சேர்க்காதீர்கள், சேர்த்தால் ஐசோலேற்றர் வைத்ததே வீண்.

முதல் பக்கம் 5 வோல்ற்றில்தான் ஓடியாக வேண்டுமென்றால் நடுவில் ஒரு 74எச்சிடி125 பஃபர் சிப் வையுங்கள், அதற்கு 2 வோல்ற்றே ‘1’. ஆனால் ஈஎஸ்பி32ஐ நோக்கித் திரும்பி வரும் சனல் (சிக்னல் வழி) இருந்தால் கவனம், அது 5 வோல்ற்றைத் தள்ளும், ஈஎஸ்பி32 பின் தாங்காது.

அப்புறம் ஐசோலேற்றரின் வெளியீட்டை ஓன், ஓஃப் பண்ணும் இந்த எனேபிள் பின், நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். ஐஎஸ்ஓ7741இன் இஎன்2 இரண்டாம் பக்கத்துக்குச் சொந்தம், அதன் கணக்கெல்லாம் அந்தப் பக்கச் சப்ளையோடும் கிரவுண்டோடும்தான். ஈஎஸ்பி32இல் இருந்து அதற்கு நேரே வயர் இழுத்தால் பிரித்து வைத்த இரண்டு பக்கத்துக்கும் நீங்களே பாலம் போடுகிறீர்கள். எப்போதும் ஓன் என்றால் அந்தப் பக்கத்து 5 வோல்ற்றிலேயே கட்டிவிடுங்கள்.

கடைசியாக மல்டிமீற்றர். ஈஎஸ்பி32 பின்னை ‘1’ ஆக்கி, முதல் கிரவுண்டில் கறுப்பு முனையை வைத்து உள்ளீட்டைப் பாருங்கள், 3.3க்குக் கிட்ட இருக்க வேண்டும். பிறகு கறுப்பை இரண்டாம் கிரவுண்டுக்கு மாற்றி வெளியீட்டைப் பாருங்கள், 5க்குக் கிட்ட வரும். இதெல்லாம் முடியும்வரை மோட்டரின் 230 வோல்ற் லைன் கழன்றே கிடக்கட்டும்.