சர்வர் ஓடுகிறது, கனெக்‌ஷன் மட்டும் இல்லை: பழுது இருக்கும் இடத்தைப் பிடிப்பது எப்படி

வீட்டில் லினக்ஸில் ஓடும் சர்வரை எட்ட முடியவில்லை என்றதும் முதலில் கை போவது ரவுட்டரின் பவர் பட்டனுக்குத்தான். கொஞ்சம் பொறுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் சில சமயம் சரியாகிவிடும். ஆனால் எது கெட்டிருந்தது என்ற தடயமும் கூடவே அழிந்துவிடும். அடுத்த வாரம் அதே பழுது திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதுதான். எதையும் தொடுவதற்கு முன் திரையில் வந்த பிழைச் செய்தியை ஒரு எழுத்து மாறாமல் குறித்து வையுங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்தால் உண்மையில் அது நல்ல செய்தி. பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் சிறு தரவுத் துண்டு) அந்த ஐபி முகவரி வரை போய், மறுப்பும் திரும்பி வந்திருக்கிறது. அந்தப் போர்ட்டில், அதாவது சர்வீஸ் காத்திருக்க வேண்டிய எண்ணில், கேட்க ஆளில்லை, அல்லது இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால் வெளிப்படையாக மறுக்கிறது. கேபிளை ஆட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. 'டைம்டு அவுட்' என்றால் பதிலே வரவில்லை: ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கலாம், பாக்கெட் வேறு வழியில் போயிருக்கலாம். ஒரே நெட்வொர்க்குக்குள் 'நோ ரூட் டு ஹோஸ்ட்' வந்தால் பெரும்பாலும் அந்த ஐபியில் ஏஆர்பி கேள்விக்கு ('இந்த ஐபி யாரிடம்?' என்று நெட்வொர்க்குக்குள் கேட்பது) பதில் சொல்ல யாரும் இல்லை என்று பொருள். ஃபயர்வால்டி என்ற ஃபயர்வால் மென்பொருள் ஓடும் மெஷின்களில் ஃபயர்வாலே இப்படிப் பதில் அனுப்புவதும் உண்டு.

அடுத்த கேள்வி, எங்கிருந்து எட்டவில்லை? லேப்டாப்பில் திறக்கிறது, போனில் மட்டும் திறக்கவில்லை என்றால் சர்வரைக் குடையாதீர்கள். போன் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். கெஸ்ட் நெட்வொர்க்கின் வேலையே உள்ளே இருக்கும் மற்ற சாதனங்களை மறைப்பதுதான்.

கேபிள், விளக்கு, வேகம்

சர்வருக்கு ஒரு மானிட்டரும் கீபோர்டும் மாட்டிக்கொள்ளுங்கள். நெட்வொர்க் போன மெஷினை நெட்வொர்க் வழியாகச் சரிசெய்ய முடியாது. 'ஐபி லிங்க்' கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு நெட்வொர்க் கார்டின் நிலையும் தெரியும். 'நோ-கேரியர்' என்று இருந்தால் மென்பொருள் பக்கம் போகவே வேண்டாம்: கேபிள், ஸ்விட்ச் போர்ட் (இங்கே கேபிள் மாட்டும் துளை), கார்டு, இந்த மூன்றில் ஒன்று. நன்றாக ஓடும் வேறொரு சாதனத்தின் கேபிளைக் கழற்றி இங்கே மாட்டிப் பார்ப்பதுதான் மிக வேகமான சோதனை.

போர்ட் விளக்கு எரிகிறது என்பதற்காகக் கேபிள் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. 'எத்டூல்' கட்டளையோடு கார்டின் பெயரைக் கொடுத்து வேகத்தைப் பாருங்கள். 1000 (மெகாபிட், அதாவது ஒரு கிகாபிட்) காட்ட வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தால் கிட்டத்தட்ட நிச்சயம் கேபிள்தான். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை, 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி அறுந்தாலோ பின் சரியாக உட்காராவிட்டாலோ கார்டு தானாகவே 100-க்கு இறங்கிவிடும், வேலை மட்டும் நடந்துகொண்டே இருக்கும். வேகம் அளக்கும் 'ஐபெர்ஃப்3' கருவியை வைத்து அளந்தால் நல்ல கிகாபிட் இணைப்பில் 940 மெகாபிட் அளவுக்கு வரும். 94-ல் நின்றால் கேபிளை மாற்றுங்கள்.

ஐபி யாருடையது?

லிங்க் சரி என்றால் அடுத்த கட்டளை 'ஐபி அட்ரஸ்'. அங்கே 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால், சர்வர், முகவரி வழங்கும் டிஹெச்சிபியிடம் கேட்டுப் பதில் கிடைக்காமல் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. ரவுட்டரில் டிஹெச்சிபி அணைந்திருக்கலாம், அல்லது ஸ்விட்ச் போர்ட் தவறான வீலானில் (ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) இருக்கலாம்.

முகவரியே இல்லாமல், கார்டு 'டவுன்' என்றும் இருந்தால் கடைசியாக மெஷினைத் திறந்து என்ன மாட்டினீர்கள் என்று யோசியுங்கள். இது பலரையும் மணிக்கணக்கில் அலைய விடும் விஷயம். லினக்ஸ் நெட்வொர்க் கார்டுக்குப் பெயர் வைப்பது பெரும்பாலும் அது உட்கார்ந்திருக்கும் பிசிஐ இடத்தை (மதர்போர்டில் கார்டுகள் இணையும் இடம்) வைத்து. புதிதாக ஒரு என்விஎம்இ டிஸ்க்கோ கிராஃபிக்ஸ் கார்டோ சேர்த்தால் பஸ் எண்கள் எனப்படும் அந்த இடங்களின் எண்கள் நகரலாம். நேற்று வரை இஎன்பி3எஸ்0 என்றிருந்த கார்டு இன்று இஎன்பி4எஸ்0. உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்போ, கார்டுகளை இணைக்கும் பிரிட்ஜ் அமைப்போ இன்னும் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். டிஸ்க் சேர்த்ததால் நெட்வொர்க் போகும் என்று யாருக்குத் தோன்றும்? கோப்பில் புதிய பெயரைப் போட்டால் தீர்ந்தது. மறுபடி நடக்காமல் இருக்க, பெயருக்குப் பதிலாக மேக் முகவரியை (கார்டிலேயே பதிந்திருக்கும் எண்) வைத்துக் கார்டை அடையாளம் காணும்படி எழுதிவிடுங்கள்.

முகவரி இருக்கிறது, ஆனால் நேற்று இருந்தது இல்லை என்றால் ரவுட்டரில் அந்த மேக் முகவரிக்கு ஐபியை ஒதுக்கி வையுங்கள். சர்வரிலேயே நிலையான ஐபி கொடுப்பவர்கள் அது டிஹெச்சிபி வழங்கும் வரம்புக்கு வெளியே இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் ஏதாவது டிவி அதே எண்ணை வாங்கிக்கொள்ளும். அதன் அடையாளம் விசித்திரமாக இருக்கும்: சில நிமிடம் வேலை செய்யும், சில நிமிடம் செய்யாது, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் திடீரென்று 'ஹோஸ்ட் கீ (சர்வரின் அடையாளச் சாவி) மாறிவிட்டது' என்று எச்சரிக்கலாம். சர்வரின் கேபிளைக் கழற்றிவிட்டு வேறொரு மெஷினிலிருந்து அதே ஐபிக்குப் பிங் ('இருக்கிறாயா?' என்று கேட்கும் சிறு பாக்கெட்) அனுப்புங்கள். பதில் வந்தால் உள்ளே இன்னொருவர் இருக்கிறார்.

கேபிளும் வைஃபையும் ஒரே சர்வரில் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் வைஃபையை அணைத்துவிடுங்கள். 'ஐபி ரூட்' கட்டளையில் இரண்டு டிஃபால்ட் வரிகள் (வெளியே போகும் வழியைச் சொல்பவை) தெரிந்தால், பாக்கெட் ஒரு வாசலில் வந்து இன்னொரு வாசலில் வெளியேறலாம். இந்த அமைப்பால் கிடைக்கும் லாபத்தைவிடத் தலைவலி அதிகம்.

ரவுட்டர், வெளியுலகம், பெயர்

சர்வரிலிருந்து மூன்று பிங், இதே வரிசையில்: ரவுட்டருக்கு, பிறகு வெளியுலகில் இருக்கும் 1.1.1.1-க்கு, பிறகு ஏதாவதொரு இணையதளப் பெயருக்கு. முதலாவதே தோற்றால் பழுது உள்ளேதான். முதலாவது ஜெயித்து இரண்டாவது தோற்றால் டிஃபால்ட் ரூட், அல்லது இணையச் சேவை. முதல் இரண்டும் ஜெயித்து மூன்றாவது மட்டும் தோற்றால் பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்.

ஹோம் சர்வரில் டிஎன்எஸ் பழுது நாமே வரவழைத்துக்கொள்வது. சர்வருக்குள்ளேயே கன்டெய்னராக (தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் மென்பொருள்) பை-ஹோல் என்ற விளம்பரத் தடுப்பு டிஎன்எஸ் ஓடுகிறது, சர்வரும் தன் டிஎன்எஸ்ஸாகத் தன்னையே காட்டுகிறது என்று வையுங்கள். கன்டெய்னர் இமேஜை (அதன் கோப்புத் தொகுப்பை) இறக்க டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ் வர கன்டெய்னர் எழ வேண்டும். சர்வருக்கு மட்டும் டிஎன்எஸ்ஸாக ரவுட்டரையோ வெளி டிஎன்எஸ் சர்வரையோ கொடுத்துவிடுங்கள். உபுண்டுவில் டிஎன்எஸ்ஸுக்கான 53-ஆம் போர்ட் ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறது என்று கன்டெய்னர் அடம்பிடித்தால், பிடித்திருப்பது உபுண்டுவின் சொந்த டிஎன்எஸ் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்டு. அதன் கான்ஃபிக் கோப்பில் டிஎன்எஸ் ஸ்டப் லிசனர் என்ற அமைப்பை அணைக்க வேண்டும்.

டிஎன்எஸ் சரியாகவே இருந்து, ஹெச்டிடிபிஎஸ் தளங்கள் எல்லாம் சான்றிதழ் பிழை காட்டினால் மெஷினின் தேதியைப் பாருங்கள். பேட்டரியோடு கூடிய கடிகாரம் இல்லாத சிறு போர்டுகள் மின்சாரம் போய் வந்ததும் பழைய தேதியில் எழுந்து நிற்கும்.

சர்வீஸ் கேட்கிறதா?

பிங் போகிறது, பக்கம் திறக்கவில்லை. 'எஸ்எஸ்' கட்டளையை டி, எல், என், பி என்ற நான்கு எழுத்துகளோடு, ரூட் (முழு நிர்வாகி) உரிமையில் ஓட்டுங்கள். எந்தப் புரோகிராம் எந்த முகவரியில் எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது என்று வரும். வீடியோ சர்வரான ஜெல்லிஃபின் என்றால் 8096, வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்றால் 8123. போர்ட் எண்ணுக்கு முன்னால் இருப்பதைக் கவனியுங்கள். 127.0.0.1 என்றிருந்தால் அந்தச் சர்வீஸ் தன் மெஷினுக்குள் மட்டுமே பேசும். வெளியே இருந்து போனால் 'ரெஃப்யூஸ்டு'. 0.0.0.0 என்றோ நட்சத்திரக் குறி என்றோ இருந்தால்தான் எல்லாக் கார்டுகளிலும் கேட்கிறது.

கேட்கிறது, ஆனாலும் 'டைம்டு அவுட்' என்றால் ஃபயர்வால். கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூ (உபுண்டுவின் ஃபயர்வால்) விதிகளைத் தாண்டித்தான் போகும். யுஎஃப்டபிள்யூவில் மூடியிருக்கிறது என்று நம்பி நிம்மதியாக இருக்காதீர்கள். சர்வருக்குள் மட்டும் வேண்டிய போர்ட்டை 127.0.0.1-உடன் சேர்த்து வெளியிடுங்கள். டாக்கர் தனக்கு எடுத்துக்கொள்ளும் 172.17, 172.18 போன்ற ஐபி வரம்புகள் உங்கள் விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் தனி வழி) வரம்போடு மோதினால், விபிஎன் வழியாக வருபவருக்கு மட்டும் சர்வர் பதில் சொல்லாது.

சந்தேகம் தீராவிட்டால், வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் 'டிசிபிடம்ப்'. அந்தப் போர்ட்டை மட்டும் கவனிக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு மெஷினிலிருந்து இணைத்துப் பாருங்கள். எஸ் கொடியோடு (இணைப்புக் கோரிக்கை) பாக்கெட் உள்ளே வருகிறது, ஆனால் எஸ் புள்ளி கொடியோடு (அதற்கான ஏற்பு) பதில் போகவில்லை என்றால் தடை சர்வருக்குள். எதுவுமே வரவில்லை என்றால் தடை அதற்கு முன்னால். அதற்கு மேல் ஊகம் தேவையில்லை.

வெளியிலிருந்து மட்டும் எட்டவில்லை

முதலில் சோதனையைச் சரியாகச் செய்யுங்கள்: போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். பல ரவுட்டர்கள் உள்ளிருந்தபடியே தங்கள் வெளி முகவரிக்குப் போக விடுவதில்லை. சரியாக இருக்கும் போர்ட் ஃபார்வர்டை (வெளியிலிருந்து வருவதைச் சர்வருக்கு அனுப்பும் ரவுட்டர் விதி) கெட்டதென்று நினைத்து மாற்றி மாற்றிக் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

பிறகு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் ஐபியை (ரவுட்டரின் வெளி முகவரி) பாருங்கள். இணையத்தில் 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளத்தில் வருவதோடு ஒத்துப்போகிறதா? ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை ஏதாவது இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்கு (இணையச் சேவை ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறீர்கள். போர்ட் ஃபார்வர்டை எத்தனை முறை எழுதினாலும் பலிக்காது. இணையச் சேவையிடம் பொது ஐபி கேளுங்கள், புதிய முகவரி முறையான ஐபிவி6 பயன்படுத்துங்கள், அல்லது சர்வரே வெளியே இணைத்துக்கொள்ளும் டனல் ஒன்றை அமையுங்கள். வான் ஐபி 192.168 என்று தொடங்கினால் முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது, பெரும்பாலும் இணையச் சேவை தந்த மோடம். அதை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு வெறும் மோடமாக ஓடுவது) மாற்றுங்கள்.

பிங் போகிறது, எஸ்எஸ்ஹெச் இணைகிறது, ஆனால் பெரிய கோப்பு பட்டியலைக் கேட்டதும் திரை உறைந்து நிற்கிறது. இது எம்டியூவின் (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) கையெழுத்து. சிறு பாக்கெட் போகும், பெரியது வழியில் விழும். பிபிபிஓஇ இணைப்பில் (பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிராட்பேண்ட்) எம்டியூ பொதுவாக 1500 அல்ல, 1492. துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு பிங் அனுப்புங்கள்: 1472 பைட் போய், தலைப்புக்கு 28 சேர்த்தால் 1500. அது போகாமல் 1464 போனால் உங்கள் அளவு 1492. வயர்கார்டு என்ற விபிஎன் இயல்பாக எடுப்பது 1420. பிபிபிஓஇ மேல் ஓடினால் 1412 ஆக்குங்கள்.

வந்து வந்து போகும் பழுது

லேப்டாப்பை சர்வராக வைத்திருந்தால் மூடியை மூடியதும் தூங்கப் போகிறதா என்று பாருங்கள். லாக்இன்டி என்ற சிஸ்டம் சேவையின் அமைப்பில் மூடிச் சுவிட்சைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லலாம். வைஃபையில் இருந்தால் பவர் சேவ்-ஐ அணையுங்கள். கர்னல் லாகில் (சிஸ்டத்தின் பதிவேடு) இன்டெல் கார்டுகளுக்கான இ1000இ டிரைவரின் பெயரோடு 'ஹார்டுவேர் யூனிட் ஹேங்க்' என்று வந்தால் எத்டூல் வழியாக டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ (பாக்கெட் பிரிக்கும் வேலையைத் தள்ளிவிடும் வசதிகள்) இரண்டையும் அணைத்துப் பாருங்கள்.

தொலைவிலிருந்து நெட்பிளான் கோப்பை மாற்றும்போது 'அப்ளை' வேண்டாம், 'ட்ரை' கொடுங்கள். நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் 120 வினாடியில் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.

எப்போது அறுகிறது என்றே தெரியாத பழுதுக்கு, சர்வரில் இரண்டு பிங்குகளை நேர முத்திரையோடு கோப்பில் எழுதும்படி இரவு முழுக்க ஓட விடுங்கள்: ஒன்று ரவுட்டருக்கு, ஒன்று 1.1.1.1-க்கு. காலையில் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் இடைவெளி இருந்தால் கேபிள், ஸ்விட்ச், ஸ்விட்சின் அடாப்டர், சர்வர் கார்டு, ரவுட்டர் ஆகியவற்றில் ஒன்று. வெளிக் கோப்பில் மட்டும் இருந்தால் அந்த நேரங்களைக் குறித்துக்கொண்டு இணையச் சேவைக்குப் போன் செய்யுங்கள்.