ஆட்டோகேட், ரெவிட் கற்க எந்த மேனுவல்? புதிதாகத் தேடுகிறவர்களுக்கு

"அக்கா, ஆட்டோகேட் புக் பிடிஎஃப் இருந்தா அனுப்புங்க." தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகளிடமிருந்து இப்படி ஒரு வாட்ஸ்அப் வாரத்துக்கு ஒன்றாவது வந்துவிடும். ஆட்டோகேட் என்பது கணினியில் வீட்டுப் பிளான் வரைய உதவும் மென்பொருள். முன்பெல்லாம் இருப்பதை அப்படியே அனுப்பிவிடுவேன். இப்போது திருப்பிக் கேட்கிறேன்: "எந்த வெர்ஷன்? என்ன வரையப் போற?" பாதிப் பேர் அதோடு காணாமல் போய்விடுகிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. டிப்ளமோ முடித்த புதிதில் நானும் தெரிந்த ஒருவரிடம் பென் டிரைவ் நிறைய மேனுவல் வாங்கி வந்தவள்தான். இருநூற்றுக்கும் மேல் ஃபைல்கள். திறந்து பார்த்தது ஏழோ எட்டோ. அப்புறம் சேர்ந்த பயிற்சி மையத்தில் ஸ்பைரல் பைண்டிங் போட்டு ஒரு நோட்ஸ் கொடுத்தார்கள். அது 2007 வெர்ஷனுக்கு எழுதியது, கணினியில் இருந்ததோ வேறு. நோட்ஸ் சொன்ன பட்டனைத் திரையில் தேடியே முதல் வாரம் போய்விட்டது. திரையின் மேலே பட்டன்கள் வரிசையாகத் தெரியும் ரிப்பன் பட்டை ஆட்டோகேட் 2009-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய நோட்ஸ் எல்லாம் பழைய மெனுவை வைத்தே பேசும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

சரி, வரிசையாகப் போவோம்.

படி 1: மேனுவலுக்கு முன்னால் ஒரு மனை

கூகுளைத் திறப்பதற்கு முன் ஒரு வீட்டை முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் வீடே போதும். இல்லையென்றால் 30-க்கு 40 மனை, அதாவது 1,200 சதுர அடி, இரண்டே முக்கால் சென்ட். அதில் ஒரு ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, வெளியே படிக்கட்டு. டேப் பிடித்து அளந்து, பென்சிலால் ஒரு தாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்றால், வீடு கையில் இருந்தால் தேடும் சொல் தானாக வரும். "ஆட்டோகேட் கற்பது எப்படி" என்று தேடுகிறவருக்கு லட்சம் பக்கம் வந்து விழும், ஒன்றும் உதவாது. "சுவரில் கதவுக்கு இடம் விடுவது எப்படி", "படிக்கட்டுக்கு செக்‌ஷன் எடுப்பது எப்படி" என்று தேடுகிறவருக்குப் பத்து நிமிடத்தில் விடை கிடைக்கும். (செக்ஷன் என்றால் கட்டடத்தை நெட்டுக்கு வெட்டிப் பார்த்தால் தெரியும் தோற்றம்.)

படி 2: எந்த மென்பொருள்?

இதற்கு ஒரு நாளுக்கு மேல் செலவு செய்யாதீர்கள். பிளான் வரைந்து என்ஜினியரிடம் வேலைக்குச் சேர வேண்டும் என்றால் ஆட்டோகேட். பெங்களூரு ஆபீஸ்களைக் கண்ணில் வைத்திருந்தால் அதற்கு அடுத்து, கட்டடத்தை 3டி-யாகவே உருவாக்கும் ரெவிட். வீட்டுக்காரருக்கு வெளித்தோற்றம் காட்ட ஸ்கெட்ச்அப். அதன் இலவசப் பதிப்பு பிரவுசரிலேயே ஓடும்.

லேப்டாப் பழையது, 4 ஜிபி ராம் என்றால் ரெவிட்டை மறந்துவிடுங்கள். இப்போதைய ரெவிட்டுக்குக் குறைந்தது 16 ஜிபி வேண்டும் என்று ஆட்டோகேட், ரெவிட் இரண்டையும் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனமே சொல்கிறது. அந்த லேப்டாப்பில் லிப்ரேகேட் போட்டு 2டி வரைந்து பழகலாம். சுதந்திர மென்பொருள், காசு கிடையாது. 3டி வேண்டும் என்றால் ஃப்ரீகேட். 2024 நவம்பரில் வந்த அதன் 1.0 வெர்ஷனில் கட்டட வடிவமைப்புக்கான பகுதியும் சேர்ந்தே வருகிறது.

பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியிலோ, செட்டிக்கரையில் இருக்கும் தருமபுரி அரசுப் பொறியியல் கல்லூரியிலோ, வேறு எந்தக் கல்லூரியிலோ படித்துக்கொண்டிருந்தால் ஆட்டோடெஸ்க்கின் மாணவர் உரிமத்துக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். மாணவர் என்று உறுதியானால் ஆட்டோகேட், ரெவிட் இரண்டும் ஓராண்டுக்கு இலவசம். படிக்கும்வரை ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். ஆனால் அது படிப்பதற்கு மட்டும். அதில் பிளான் போட்டுக் காசு வாங்கக் கூடாது.

படி 3: வெர்ஷன் எண்ணைப் பாருங்கள்

உங்கள் மென்பொருளின் ஆண்டைத் தாளில் எழுதி வையுங்கள். எந்த மேனுவல் கிடைத்தாலும் முதலில் அது எந்த ஆண்டுக்கு எழுதியது என்று பாருங்கள்.

ஆட்டோகேட்டில் இந்த வித்தியாசத்தை ஓரளவு சமாளிக்கலாம். 1982-இல் பிறந்த மென்பொருள் அது. பட்டன்கள் இடம் மாறினாலும் விசைப்பலகையில் அடிக்கும் அடிப்படை கமாண்டுகள் பெரும்பாலும் மாறவில்லை. லைன் (கோடு), ஆஃப்செட் (இணைகோடு), மிர்ரர் (கண்ணாடிப் பிம்பம்) என்று அடித்தே பழகுகிறவருக்குப் பழைய மேனுவலும் பயன்படும். ஆனால் கோட்டை வெட்டும் ட்ரிம் மட்டும் புதியவர்களைப் படுத்தும். "முதலில் வெட்டும் கோட்டைத் தேர்ந்தெடு, என்டர் தட்டு, பிறகு வெட்ட வேண்டியதைத் தொடு" என்று பழைய புத்தகங்கள் சொல்லும். 2021 வெர்ஷனிலிருந்து நேராக வெட்ட வேண்டியதைத் தொட்டாலே போதும். பழைய முறையை நம்பி முதல் கோட்டைத் தொட்டால் அந்தக் கோடே வெட்டுப்பட்டுப் போகும். "என் ஆட்டோகேட் கெட்டுப் போச்சு அக்கா" என்று வந்த இரண்டு பேருக்கு இதுதான் கோளாறு.

ரெவிட்டில் இந்தச் சலுகைகூடக் கிடையாது. புதிய வெர்ஷனில் சேமித்த ஃபைலைப் பழைய வெர்ஷன் திறக்காது. பயிற்சிப் புத்தகத்தோடு வரும் ஃபைல்கள் உங்கள் வெர்ஷனுக்கோ அதற்கு முந்தையதற்கோ உரியவையா என்று பார்த்தே இறக்குங்கள்.

படி 4: வீட்டிலேயே இருக்கும் மேனுவல்

ஊரெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் பார்ப்பது மென்பொருளின் சொந்த உதவிப் பக்கங்களைத்தான். நான் முதலில் பார்க்கச் சொல்கிறேன். ஒரு கமாண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஃப் 1 விசையை அழுத்துங்கள். அந்தக் கமாண்டின் பக்கமே திறக்கும். ரிப்பனில் ஒரு பட்டன் மேல் மவுஸைச் சற்று நேரம் அசைக்காமல் வைத்தால் படத்தோடு சிறு விளக்கம் வரும். உதவிப் பக்கங்களை மொத்தமாக இறக்கி வைக்கவும் வழி உண்டு: மேல் வலது மூலையில் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியைச் சொடுக்கினால் 'ஆஃப்லைன் ஹெல்ப்' இருக்கும். பென்னாகரம், அஞ்செட்டி பக்கம் சிக்னல் இல்லாத ஊர்க்காரர்கள் டவுனுக்கு வரும் நாளில் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

முதல் முறை வரைகிறவருக்கு அந்த உதவிப் பக்கங்கள் கடல் மாதிரி இருக்கும். அதற்காகவே ஆட்டோடெஸ்க் தன் தளத்தில் 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு ஆட்டோகேட்' என்று ஓர் அடிப்படை வழிகாட்டி வைத்திருக்கிறது. கோடு போடுவது, லேயர் (கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கு), பிளாக் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கதவு, ஜன்னல் போன்ற படம்), டைமென்ஷன் (அளவு குறிப்பது), பிரிண்ட் எடுப்பது என்று தேவையான அளவே இருக்கும். ஆங்கிலம்தான், ஆனால் எளிய ஆங்கிலம். ஸ்கெட்ச்அப்புக்கு இதே போல 'ஸ்கெட்ச்அப் கேம்பஸ்' என்ற இலவசத் தளம் உண்டு.

இன்னொன்று, மாதிரி ஃபைல்கள். ஆட்டோகேட் நிறுவிய ஃபோல்டருக்குள் 'சாம்பிள்' என்று ஒன்று இருக்கும். ரெவிட்டில் முகப்புத் திரையிலேயே மாதிரி ப்ராஜெக்ட் தெரியும். திறந்து, லேயர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ஒரு கோட்டைத் தொட்டு 'லிஸ்ட்' என்று அடித்தால் அது எந்த லேயர், என்ன நீளம் என்று சொல்லிவிடும். நல்ல வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தே நான் பாதி கற்றுக்கொண்டேன்.

படி 5: கூகுளிலும் யூடியூபிலும் தேடும் முறை

மென்பொருள் பெயர், ஆண்டு, வேலை என்று மூன்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் அடியுங்கள். பிடிஎஃப் மட்டும் வேண்டுமென்றால் கடைசியில் ஓர் இடம் விட்டு 'ஃபைல்டைப்' என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, 'பிடிஎஃப்' மூன்றையும் இடைவெளி இல்லாமல் ஆங்கில எழுத்தில் சேர்க்க வேண்டும் (filetype:pdf). பல்கலைக்கழகங்களின் ஆய்வகக் கையேடுகள் இப்படித்தான் எனக்குக் கிடைத்தன. மேனுவல் என்று சொல்லி இறங்குவது 'இஎக்ஸ்இ' (.exe) என்று முடியும் ப்ரோகிராம் ஃபைலாக இருந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். அது மேனுவல் இல்லை.

தமிழ் வீடியோக்களைத் தமிழ் எழுத்தில் தேடினால் கொஞ்சம்தான் வரும். நம்மவர்கள் தலைப்பை ஆங்கில எழுத்தில் வைத்து 'இன் தமிழ்' என்று சேர்ப்பார்கள். அப்படியே தேடுங்கள். தனி வீடியோவை விட வரிசையாகப் போட்ட பிளேலிஸ்ட் நல்லது. ஓசூர்ப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் தெரிந்தவர்களுக்குக் கூடுதல் அதிர்ஷ்டம். மூன்று மொழியிலும் தேடலாம்.

படி 6: அரசாங்கம் தரும் இலவசப் பாடங்கள்

ஐடிஐ-யில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் என்று கட்டட வரைபடம் கற்றுத்தரும் இரண்டாண்டுப் பிரிவு உண்டு. அதற்கான பாடநூல்களைச் சென்னை கிண்டியில் உள்ள நிமி என்ற மத்திய அரசு நிறுவனம் தயாரிக்கிறது. மத்திய அரசின் 'பாரத் ஸ்கில்ஸ்' தளத்தில் பயிற்சிப் பாடங்களைத் தேடிப் பார்க்கலாம். கையால் வரைவதில் தொடங்கிக் கணினிக்கு வரும் வரிசை எனக்குப் பிடிக்கும். தெரிந்தவர் யாராவது ஐடிஐ-யில் படித்தால் அவருடைய புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பம்பாய் ஐஐடியின் 'ஸ்போக்கன் டுட்டோரியல்' வீடியோப் பாடங்கள் சுதந்திர மென்பொருள்களுக்கு மட்டும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளைக் கற்கிறவர்களுக்குத் தமிழ்க் குரலில் பாடங்கள் உண்டு. ஆட்டோகேட்டை அங்கே தேடாதீர்கள்.

மென்பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, வரைபடத்தில் எதை எப்படிக் காட்டுவது என்றும் தெரிய வேண்டும். அதற்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 962 இருக்கிறது. கட்டட வரைபடங்களுக்கே உரிய விதிநூல். அமைப்பின் தளத்தில் பதிவு செய்தால் இலவசமாகவே இறக்கலாம். மனையைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்குத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019.

படி 7: அமெரிக்கப் பாடத்தை நம் வீட்டுக்கு மாற்றுவது

இங்கேதான் நான் அடிபட்டேன். முதன்முதலில் ரெவிட்டில் போட்ட வீட்டை ஒரு மேஸ்திரியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "ஏம்மா, ஒம்பது இஞ்ச் செவுரு தெரியும், நாலரை தெரியும். இது என்ன நாலே முக்காலுக்கும் மேல போகுது? செங்கல்லு ரப்பரா, இழுத்து வைக்க?" என்றார்.

பாடத்தில் சொன்னபடி அந்த டெம்ப்ளேட்டில் (புது வரைபடம் தொடங்கும் தயார் ஃபைலில்) இருந்த உள்சுவரை அப்படியே வைத்திருந்தேன். அது 4 7/8 இஞ்ச்: சட்டம் அடித்து இருபுறமும் ஜிப்சம் பலகை ஒட்டும் அமெரிக்கச் சுவர்.

ஆகவே வெளிநாட்டுப் பாடம் எதைப் பின்பற்றினாலும் முதலில் மூன்று விஷயத்தை மாற்றுங்கள். ஒன்று, அளவு. ஆட்டோகேட்டில் டெம்ப்ளேட் பெயரில் 'ஐஎஸ்ஓ' ஒட்டியிருந்தால் அது மில்லிமீட்டர். அடிக் கணக்கு வேண்டுமென்றால் 'யூனிட்ஸ்' கமாண்ட் போய் 'ஆர்க்கிடெக்சரல்' என்று மாற்றுங்கள். அப்புறம்தான் 30-க்குப் பின் ஒற்றை மேற்கோள் குறி போட்டு 30 அடி என்று அடிக்க முடியும். மில்லிமீட்டரிலேயே வரைந்தால் 30 அடி என்பது 9144. இரண்டு, சுவர். ரெவிட்டில் இருக்கும் சுவர் வகையை 'டூப்ளிகேட்' செய்து 230 மில்லிமீட்டர் செங்கல் சுவர் ஒன்று, 115-இல் ஒன்று உருவாக்கிப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, கூரை. அவர்கள் ஓட்டுச் சரிவு போடச் சொல்வார்கள். நமக்கு வேண்டியது கான்கிரீட் தளம், அதன் மேல் கைப்பிடிச் சுவர், ஜன்னலுக்கு மேல் சன்ஷேட். தளத்தை ரூஃப் கமாண்டில் தேடாமல் ஃப்ளோர் கமாண்டில் போட்டுக்கொள்ளலாம். கைப்பிடிச் சுவரும் ஒரு சுவர்தான். உயரம் மட்டும் மூன்று அடி.

படி 8: ஜெராக்ஸ் கடைக்குப் போவதற்கு முன்

அறுநூறு பக்க பிடிஎஃப்பை முழுதாக பிரிண்ட் போடாதீர்கள். ஷார்ட்கட் பட்டியல், லேயர் பற்றிய பகுதி, பிரிண்ட் ஸ்கேல் பற்றிய பகுதி, இந்த மூன்றும் போதும். இருபது பக்கத்துக்குள் முடிந்துவிடும். மற்றதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒவ்வொரு முறை சிக்கும்போதும் என்ன சிக்கல், எந்தக் கமாண்ட், எங்கே கிடைத்தது என்று மூன்று வரி எழுதுங்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் 'செங்கல் ரப்பர் இல்லை' என்று பெரிதாக எழுதி, கீழே 230, 115 என்று போட்டிருக்கிறேன். மேஸ்திரி இன்னும் அந்த நோட்டைப் பார்க்கவில்லை.