வீட்டு பாண்டுக்கு ஆயுள் காப்பீடு: கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வீடு வாங்க பாண்ட், அதாவது வீட்டுக் கடன், கிடைத்ததும், வங்கி நீட்டும் தாள்கட்டில் ஆயுள் காப்பீட்டுப் படிவமும் ஒன்று இருக்கும். சாவி கைக்கு வரும் மகிழ்ச்சியில் பெரும்பாலோர் அதையும் படிக்காமல் கையெழுத்திட்டுவிடுகிறார்கள்.

முதலில், எது எந்தக் காப்பீடு என்று பிரித்துப் பாருங்கள். தீ, வெள்ளம் போன்றவற்றால் கட்டடத்துக்கு வரும் சேதத்துக்கானது ஒன்று. கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியை அடைப்பது மற்றொன்று. முதலாவது இருப்பதால் இரண்டாவதும் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்.

அடுத்தது விலை. மாதப் பிரீமியத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது; கடனில் ஆயிரம் ராண்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். 2017-இல் வந்த விதிப்படி, வீட்டுக் கடனோடு சேர்த்து விற்கும் கடன் காப்பீட்டுக்கு ஆயிரம் ராண்டுக்கு மாதம் 2 ராண்டுக்கு மேல் வாங்கக் கூடாது. 10 லட்சம் ராண்ட் கடனுக்கு அது மாதம் 2,000 ராண்ட் வரை போகலாம். உச்சவரம்பை நியாய விலை என்று நினைத்துவிட வேண்டாம். உடல்நலம் விசாரித்துத் தரும் தனி ஆயுள் பாலிசி, புகைக்காத இளைஞருக்குப் பெரும்பாலும் இதைவிட மிகக் குறைவாகவே கிடைக்கும். ஆனால் பிரீமியம் ஆண்டுதோறும் ஏறுமா என்று கேளுங்கள். தொடக்கத்தில் மலிவாக இருந்து ஐம்பது வயதில் கழுத்தை நெரிக்கும் பாலிசிகளும் உண்டு.

வங்கி காட்டும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. காப்பீடு வேண்டும் என்று வங்கி கேட்கலாம். அதற்கு ஈடான சொந்தப் பாலிசியைக் கொடுக்கும் உரிமையை 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் உங்களுக்குத் தருகிறது. பாலிசியை வங்கிக்கு எழுதிக்கொடுத்தால் போதும். இதை ‘செஷன்’ என்பார்கள்.

இப்போது மதிப்புக்கு வருவோம். 11 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு 10 லட்சம் ராண்ட் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 10,320 ராண்ட். பத்து ஆண்டு ஒழுங்காகக் கட்டிய பிறகும் பாக்கி ஏறத்தாழ 7.5 லட்சம் இருக்கும்! பாதிக் காலம் போயும் கால்வாசிதான் கரைந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஏதாவது நேர்ந்தால், கடனோடு சேர்ந்து குறையும் காப்பீடு வங்கிக் கணக்கை அடைத்துவிட்டு முடிந்துவிடும். 10 லட்சத்தில் நிலையாக இருக்கும் காப்பீடு என்றால், வங்கிக்குப் போக மீதம் இரண்டரை லட்சம் குடும்பத்துக்கு வரும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். யாரும் உங்களை நம்பி இல்லை, வீட்டை விற்றால் கடன் அடையும் என்றால், வங்கி கட்டாயப்படுத்தாத வரை இந்தச் செலவுக்கு அவசரமில்லை.

கணவன் மனைவி இருவர் சம்பளத்திலும் தவணை போகிறதா? இருவரையும் காப்பீடு செய்யுங்கள். வேலையிடத்துக் குழுக் காப்பீட்டை மட்டும் நம்பாதீர்கள். வேலையோடு அதுவும் பொதுவாகப் போய்விடும்.

படிவத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம், சிகரெட் எதையும் மறைக்காதீர்கள். முகவர் “இதெல்லாம் எழுத வேண்டாம்” என்றால் வேறு முகவரைப் பாருங்கள். விண்ணப்பத்தில் ஒளித்தது, பணம் கேட்கும் நாளில் மருத்துவக் குறிப்பிலிருந்து வெளிவரும். அப்போது பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

கடன் முழுதாக அடைந்ததும் செஷனை நீக்கும்படி வங்கிக்கு எழுதிக் கேட்டு, நீக்கியதற்கான கடிதத்தைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.