வேலை விடுகிறேன் என்றதும் நிர்வாகம் கோபித்தால்: யாழ்ப்பாணத்துத் தாதிமாருக்கு ஒரு படிமுறை விளக்கம்

போன கிழமை இரவு பதினொரு மணிக்கு ஒரு தங்கச்சி எனக்கு அழைப்பு எடுத்தாள். நைட் டியூட்டிக்கு நடுவில், மருந்து அறைக்குள் நின்றுகொண்டு மெல்லிய குரலில் கதைத்தாள். அன்று காலைதான் விலகல் கடிதம் கொடுத்திருக்கிறாள். தாதிமாருக்குப் பொறுப்பான மேட்ரன் வாசித்துவிட்டு, "இந்த மாதம் ஒருவரையும் விட ஏலாது, இதைத் திருப்பிக் கொண்டு போ" என்று கடிதத்தை மேசையில் எறிந்தாராம். பின்னேரம் அவளுடைய அப்பாவுக்கு நிர்வாகத்திலிருந்து அழைப்புப் போயிருக்கிறது. "அக்கா, நான் ஏதும் பிழை செய்துபோட்டேனா?" என்று கேட்டாள்.

ஒரு பிழையும் இல்லை. இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் எனக்குள் கேட்டு நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வைத்தியசாலையில் ஆறு வருடம் வேலை செய்தேன். விலகப் போவதைக் கடிதம் எழுத முன்னமே தேநீர் நேரத்தில் வாயால் சொன்னேன். அடுத்த நாளே றோஸ்டர் (வேலை நேர அட்டவணை) மாறியது, தொடர்ந்து ஐந்து நைட். கடிதம் கொடுத்தபோது, "நீ ஒரு மாதத்துக்கு முன் சொல்லவில்லை" என்றார்கள். சொன்னதற்கு என்னிடம் எந்தச் சாட்சியும் இருக்கவில்லை. அன்று எனக்குத் தெரியாமல் போனதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

இது தனியார் வைத்தியசாலைகளில் இருப்பவர்களுக்கான விளக்கம். அரச வைத்தியசாலையில் நியமனம் பெற்றவர்களுக்குப் பாதை வேறு. அங்கே விலகலை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வரும்வரை வேலைக்குப் போகாமல் நின்றால் பதவியை விட்டு நீங்கியதாகக் கணக்கெடுத்துவிடுவார்கள். பயிற்சிக்கால உடன்படிக்கையும் இருக்கும். அவர்கள் தங்கள் நிர்வாகக் கிளையில் கேட்டே நடக்க வேண்டும்.

படி 1: கடிதம் எழுத முன் பத்திரங்களைச் சேருங்கள்

நியமனக் கடிதத்தை எடுத்து வடிவாக வாசியுங்கள். கையெழுத்து வைத்த நாளுக்குப் பிறகு நம்மில் பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டோம். இரண்டு விசயங்களைத் தேடுங்கள்: எத்தனை நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும், பொண்ட் (குறித்த காலத்துக்கு முன் விலகினால் காசு கட்டுவேன் என்ற உடன்படிக்கை) ஏதும் இருக்கிறதா. ஒரு மாத அறிவித்தல்தான் வழமை. சில இடங்களில் மூன்று மாதம் என்று எழுதியிருப்பார்கள். அறிவித்தலுக்குப் பதிலாக அந்தக் காலச் சம்பளத்தைக் கட்டிவிட்டுப் போகலாம் என்ற வரியும் சில கடிதங்களில் இருக்கும்.

அடுத்தது சம்பளச் சிட்டைகள். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கணக்கில் உங்கள் பங்கு 8 வீதம், நிர்வாகத்தின் பங்கு 12 வீதம். ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க நிர்வாகம் கட்ட வேண்டியது, உங்கள் சம்பளத்தில் வெட்டக் கூடாது. சிட்டையில் வெட்டுகிறார்கள், ஆனால் கணக்கில் காசு போகவில்லை என்ற முறைப்பாடுகள் உண்டு. உங்கள் அங்கத்துவ இலக்கத்தையும் அடையாள அட்டையையும் கொண்டு யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் அலுவலகத்துக்குப் போனால் விசாரிக்கலாம். வேலையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

மூலச் சான்றிதழ்களை அலுவலகத்தில் கொடுத்து வைத்திருந்தால், வேறு தேவைக்கு என்று சொல்லி முதலே எடுத்துக்கொள்ளுங்கள். றோஸ்டர், விடுமுறைப் பதிவு போன்றவற்றின் படம் கைப்பேசியில் இருக்கட்டும். ஆனால் நோயாளியின் பெயரோ கட்டில் சீட்டோ (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு) அதில் விழக் கூடாது. அது ஒன்றே உங்களுக்கு எதிராகத் திரும்பப் போதும்.

படி 2: கடைசி நாளைத் தீர்மானியுங்கள்

இதில் அவசரப்பட்டுப் பெரும் காசை இழந்தவர்களை எனக்குத் தெரியும். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முழுமையாகச் சேவை செய்தவருக்குப் பணிக்கொடை, அதாவது வேலை முடியும்போது நிர்வாகம் மொத்தமாகத் தரும் காசு, உண்டு. நீங்களாக விலகினாலும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம்.

கடைசிச் சம்பளம் 60,000 ரூபா, சேவை ஐந்து வருடம் என்று வையுங்கள். 30,000 ஐ ஐந்தால் பெருக்கினால் ஒன்றரை இலட்சம். இதே ஆள் நான்கு வருடமும் பதினொரு மாதமும் முடிந்த நிலையில் போனால் ஒரு சதமும் உரித்தில்லை. ஆகவே நியமனத் திகதியை ஒரு தாளில் எழுதி, ஐந்து வருடம் எந்த நாளில் நிறைகிறது என்று பாருங்கள். ஒரு கிழமை, இரண்டு கிழமைதான் குறை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நில்லுங்கள். அறிவித்தல் கொடுக்கும் நாளும் சேவை முடியும் நாளும் வேறு வேறு. ஐந்து வருடம் நிறைய முன்னமே அறிவித்தல் கொடுக்கலாம், கடைசி வேலைநாள் அதைத் தாண்டியதாக இருக்க வேண்டும். ஆனால் கடிதத்தைக் கண்ட கோபத்தில் அன்றே நிற்பாட்டிவிடக்கூடிய நிர்வாகம் என்றால், வருடம் நிறைந்த பிறகே கடிதத்தைக் கொடுங்கள்.

படி 3: கடிதம்

சிறியதாக எழுதுங்கள். காரணம் எழுத வேண்டாம். மேட்ரன் ஏசினார், சம்பளம் காணாது, ஆள் பற்றாக்குறை, இவை எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் விலகல் கடிதத்தில் எழுதிய ஒவ்வொரு காரணமும் ஒரு விவாதத்துக்கு வழி திறக்கும். நான் இரண்டு பக்கம் எழுதினேன். அந்த இரண்டு பக்கத்தையும் ஒரு கூட்டத்தில் வரி வரியாக வாசித்து என்னிடம் விளக்கம் கேட்டார்கள். இவ்வளவு போதும்:

"நான் ……… பிரிவில் ……… திகதியிலிருந்து தாதி உத்தியோகத்தராகப் பணியாற்றி வருகிறேன். எனது நியமனக் கடிதத்தின்படி ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துப் பணியிலிருந்து விலகுகிறேன். எனது கடைசி வேலைநாள் ……… ஆகும். அதுவரை எனது கடமைகளைச் செய்து, பொறுப்புகளை ஒப்படைப்பேன். எனது சேவைச் சான்றிதழையும், எனக்குரிய நிலுவைக் கொடுப்பனவுகளையும் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

"விலக அனுமதி தருமாறு வேண்டுகிறேன்" என்று எழுத வேண்டாம். தனியார் வேலையில் உடன்பட்டபடி அறிவித்தல் கொடுத்து விலகும்போது நீங்கள் அனுமதி கேட்கவில்லை, அறிவிக்கிறீர்கள். மரியாதையான சொற்களாலேயே அதைச் செய்யலாம். உங்கள் இடத்தில் எல்லாக் கடிதமும் ஆங்கிலத்தில்தான் என்றால் இதே விசயத்தை ஆங்கிலத்தில் நான்கு வரியில் எழுதுங்கள்.

படி 4: கொடுக்கும் விதம்

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள். டியூட்டி முடிந்த பிறகு கொடுப்பது நல்லது. மனம் குழம்பிப் போனாலும் நோயாளிக்கு மருந்து கொடுக்கும் கை நடுங்கக் கூடாது.

கையெழுத்து வைக்க மறுத்தால் வாதாட வேண்டாம். "சரி, தபாலில் அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அன்றே பதிவுத் தபாலில் பணிப்பாளரின் பெயருக்கு அனுப்புங்கள், அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் போடுங்கள். தபாலகத்தில் தரும் பற்றுச்சீட்டு மிகச் சிறிய துண்டு, மையும் மங்கிப்போகும். உடனே படம் எடுத்து வையுங்கள். எனக்கு அழைத்த தங்கச்சி மறுநாள் காலை நைட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் இதைத்தான் செய்தாள். அதன் பிறகு அவளுடைய கடிதம் மேசையில் கிடந்ததா, குப்பைக் கூடைக்குள் போனதா என்பது ஒரு பொருட்டே இல்லை.

படி 5: கோபம் வரும்போது

இதை வாசிக்க வந்தவர்களில் அதிகம் பேருக்கு இந்தப் பகுதிதான் தேவை என்று நினைக்கிறேன்.

ஒரு தாதி போனால் றோஸ்டரில் ஒரு ஓட்டை விழும். அதை நிரப்ப வேண்டியவர் மேட்ரன். மேலே இருப்பவர்கள் அவரை ஏசுவார்கள், அவர் உங்களை ஏசுவார். அந்தக் கோபத்தில் பாதி உங்களைப் பற்றியதே இல்லை. அதற்காக அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். "நான் கடிதத்தில் எழுதியபடி அந்தத் திகதி வரை வேலை செய்வேன், மிஸ்." இந்த ஒரு வசனத்தைப் பாடமாக்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்துத் தரம் கேட்டாலும் பத்துத் தரமும் இதுவே பதில்.

வீட்டுக்கு அழைப்புப் போவது நம் ஊரில் பெரிய ஆயுதம். நிர்வாகத்தில் ஒருவருக்கு உங்கள் அப்பாவைத் தெரிந்திருக்கும், அல்லது கோயில் திருவிழாவில் காணும் ஆளாக இருப்பார். "உங்கட பிள்ளை இப்பிடிச் செய்யலாமோ" என்று ஒரு சொல் போதும், வீட்டில் சாப்பாடு இறங்காது. ஆகவே கடிதம் கொடுப்பதற்கு முதல் நாள் இரவே அம்மா அப்பாவுடன் இருந்து கதைத்துவிடுங்கள். எப்போது விடுகிறேன், அடுத்தது என்ன, அவர்கள் அழைத்தால் என்ன சொல்ல வேண்டும், எல்லாம். "பிள்ளை எங்களுக்குச் சொல்லித்தான் செய்தவள், வேலை விசயத்தை அவளோடையே கதையுங்கோ" என்று என் அப்பா சொன்ன நாளில் இருந்து எங்கள் வீட்டுக்கு அழைப்பு வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

"பணிக்கொடை தர மாட்டோம்" என்பார்கள். ஐந்து வருடம் முடித்தவருக்கு விலகிய காரணத்தால் அது இல்லாமல் போகாது. மோசடி செய்தவர், வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம் விளைவித்தவர் போன்றோர் சேவையிலிருந்து நீக்கப்படும்போதுதான் அதைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு சட்டத்தில் உண்டு. "தாதியர் சபைக்கு எழுதுவோம், பதிவு போய்விடும்" என்று பயமுறுத்துவார்கள். முறையாக அறிவித்தல் கொடுத்து, நோயாளியை ஒப்படைத்துவிட்டு வேலை மாறுவது தொழில் ஒழுக்கக்கேடு அல்ல. ஆனால் கோபத்தில் டியூட்டி நடுவில் யாரிடமும் ஒப்படைக்காமல் வெளியேறினால் அது உண்மையிலேயே பிழை. எவ்வளவு ஏசினாலும் அதை மட்டும் செய்யாதீர்கள்.

பொண்டைக் காட்டி ஒரு பெரிய தொகை கேட்டால், அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டு எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். பத்திரத்தின் பிரதியை வாங்கிக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

"இன்றைக்கே எழுதித் தந்துவிட்டுப் போ" என்று சிலர் சொல்லுவார்கள். இது கவனிக்க வேண்டிய இடம். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதாதீர்கள், பழைய திகதி போடாதீர்கள், வெறும் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். "நாளையில் இருந்து வர வேண்டாம் என்றால் அதை எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். தராவிட்டால் நடந்ததை அன்று இரவே மின்னஞ்சலில் அவர்களுக்கே எழுதி அனுப்புங்கள். உங்களை வற்புறுத்தி விலக வைத்தார்கள் என்றால் வேலை தொடர்பான வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போகலாம், அதற்கு ஆறு மாதக் காலக்கெடு உண்டு.

கோபம் ஆறிய பிறகு சில இடங்களில் அன்பாகக் கூப்பிட்டுச் சம்பளம் கூட்டித் தருகிறோம் என்பார்கள். நிற்க விருப்பம் என்றால் நில்லுங்கள், அது உங்கள் முடிவு. கூட்டிய தொகை கடிதத்தில் வரட்டும்.

படி 6: அறிவித்தல் காலம்

நேரத்துக்குப் போங்கள், நேரத்துக்கு வாருங்கள். வருகைப் பதிவு தவறக் கூடாது. நோயாளிக் குறிப்புகளை வழமையைவிடக் கவனமாக எழுதுங்கள். கட்டுப்பாட்டு மருந்து அலுமாரிச் சாவி உங்கள் பொறுப்பில் இருந்தால், கடைசி நாளில் இன்னொருவர் முன்னால் எண்ணி, பதிவேட்டில் இருவரும் கையெழுத்து வைத்து ஒப்படையுங்கள். பிறகு ஒரு மருந்துக் குப்பி குறைந்தது என்று பேச்சு வந்தால் அந்தக் கையெழுத்துத்தான் உங்களுக்குக் காவல். சீருடை, அடையாள அட்டை, அலுமாரிச் சாவி எல்லாவற்றுக்கும் ஒரு தாளில் பட்டியல் எழுதி, பெற்றுக்கொண்டவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

வட்ஸ்அப் குழுக்களில் எதுவும் எழுத வேண்டாம். புது வேலை எங்கே என்று சொல்லவும் வேண்டாம்.

படி 7: போன பிறகு

"எனக்கு வர வேண்டிய எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில், காசு கைக்கு வர முன் கையெழுத்து வைக்காதீர்கள். சேவைச் சான்றிதழ் தர இழுத்தடித்தால் எழுத்தில் மறுபடி கேளுங்கள். அதற்கிடையில் நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், ஈ.பி.எப். கூற்று மூன்றும் சேர்ந்து நீங்கள் அங்கே வேலை செய்ததைக் காட்டும். உங்களுடன் வேலை செய்த வைத்திய நிபுணர் ஒருவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பதும் நல்லது.

பணிக்கொடை, சேவை முடிந்து 30 நாளுக்குள் தரப்பட வேண்டும். பிந்தினால் நிர்வாகம் அதற்கு மேலதிகக் கட்டணமும் கட்ட வேண்டும். ஈ.பி.எப். காசைப் பொதுவாகப் பெண்கள் 50 வயதில்தான் எடுக்கலாம், திருமணத்துக்காக வேலையை விடுபவர்களுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. புது இடத்தில் சேரும்போது பழைய அங்கத்துவ இலக்கத்தைக் கொடுங்கள். ஈ.ரி.எப். வேலையை விட்டதும் கேட்கலாம், ஆனால் ஒரு தரம் எடுத்தால் அடுத்தது ஐந்து வருடத்துக்குப் பிறகுதான். அவசரத் தேவை இல்லாவிட்டால் கிடக்கட்டும்.

கடைசி மாதத்துக்கான ஈ.பி.எப். பங்களிப்பு அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும். அதைப் பார்க்க ஒரு நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். கட்டவில்லை என்றால் பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். போகும்போது போட்டோக்கொப்பியைக் கொடுத்து, மூலப் பிரதியை உங்களிடமே வைத்திருங்கள்.